கேம்ப் ரோடு அக்காவுக்கு, தீர்ப்பு வந்த பிறகு

அக்கா,

இன்று மாலை மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் பூ வாங்க நின்றேன். பக்கத்து செல்போன் கடையில் ஒருவர் சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தார். ஈயம் உருகும் அந்தப் புகை மூக்கில் ஏறியதும் கை கால் அசையவில்லை. பூக்காரம்மா மறுபடியும் கூப்பிட்ட பிறகுதான் சுயநினைவுக்கு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சேலையூர் கேம்ப் ரோட்டில் உங்கள் லேப்டாப் சர்வீஸ் கடைக்கு நான் முதலில் வந்தபோது என் கீழுதடு கிழிந்திருந்தது. நீங்கள் பார்த்தீர்கள், ஆனால் கேட்கவில்லை. பிரவுசரைத் திறந்தாலே லேப்டாப் சூடாகிவிடுகிறது, பக்கங்கள் பாதியில் நின்றுவிடுகின்றன என்று மட்டும் சொன்னேன். செம்பாக்கத்து வீட்டிலிருந்தபடி ஒரு கம்பெனிக்கு பில் பதிவு செய்யும் வேலை எனக்கு. லேப்டாப் படுத்தால் அந்த வேலையும் போய்விடும்.

உங்களிடம் சொல்லாதது ஒன்று இருந்தது. நான் எதைத் தேடினாலும் என் கணவனுக்குத் தெரிந்துவிடும். பெண்கள் விடுதி தேடிய அன்று, "லேடீஸ் ஹாஸ்டல் பாத்தியே, ரூம் கெடச்சுதா?" என்று கேட்டுக்கொண்டே முடியைக் கையில் சுற்றித் தலையைச் சுவரில் மோதினான். வக்கீல் தேடிய அன்று பெல்ட்டை உருவினான். ஒவ்வொரு முறையும் ஹிஸ்டரியை அழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அப்படியும் தெரிந்தது. மனதுக்குள் நினைப்பதற்கே பயப்படும் நிலைக்கு வந்திருந்தேன்.

நீங்கள் துப்பட்டாவைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தீர்கள். முதலில் பிரைவேட் விண்டோவில் ஓட்டிப் பார்த்தீர்கள். அதில் எல்லாம் வேகமாகத் திறந்தது. பிரவுசரில் தனியாகச் சேர்க்கும் ஆட்-ஆன்கள் அதில் ஓடாது, அதனால் கோளாறு லேப்டாப்பில் இல்லை, மேலே ஒட்டவைத்த ஏதோ ஒன்றில்தான் என்று சொன்னீர்கள். எல்லா ஆட்-ஆன்களையும் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் பிரவுசரை மூடித் திறந்து பார்த்தீர்கள். தமிழ் டைப்பிங் ஆட்-ஆன் ஒன்றும் செய்யவில்லை. கூப்பன் தேடுவதும் ஒன்றும் செய்யவில்லை. வேகத்தைக் கூட்டும் என்று பெயர் போட்டிருந்த ஒன்றைப் போட்டதும் எல்லாம் திணறி நின்றது.

"இத நீ போட்டியா?"

இல்லை என்றேன். நீங்கள் அதன் செட்டிங்ஸைத் திறந்தீர்கள். நான் பார்க்கும் பக்கங்களையெல்லாம் படமெடுத்து ஒரு மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. முகவரி அவனுடையது.

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, முதல் வேலையாக அந்தத் திரையை உங்கள் போனில் படம் எடுத்தீர்கள். பிறகுதான் என்னிடம் கேட்டீர்கள்.

"எடுக்கட்டுமா, விட்டுடட்டுமா? எடுத்தா அந்தப் பக்கம் மெயில் நிக்கும். அவருக்குப் புரிஞ்சிடும். நீதான் சொல்லணும்."

எடுங்கள் என்றேன். ஒரு கிளிக்கில் போய்விட்டது. வீட்டுக்குப் போக வேண்டாம், இங்கேயே இரு, சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று சொல்லி டீ வரவழைத்தீர்கள்.

டீ ஆறுவதற்குள் அவன் வந்துவிட்டான். எந்தக் கடைக்குப் போகிறேன் என்று காலையிலேயே அவனிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். குனிந்து ஷட்டருக்கடியில் நுழைந்தான். பின்கழுத்தைப் பிடித்து என் முகத்தைக் கவுன்ட்டர் கண்ணாடியில் அடித்தான். இரண்டாவது அடியில் கண்ணாடி உடைந்தது. புருவத்திலிருந்து வழிந்த ரத்தத்தில் எனக்கு ஒரு கண் தெரியவில்லை. நீங்கள் நடுவில் வந்து அவனைத் தள்ளினீர்கள். ஷட்டர் இழுக்கும் கொக்கிக் கம்பி மூலையில் இருந்தது. அதை எடுத்து உங்கள் வலது மணிக்கட்டில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கம்பியைப் போட்டுவிட்டு மறுபடி என் கழுத்துக்கு வந்தான். மூச்சு அடைத்தது.

"கைய எடு," என்றீர்கள். அவன் எடுக்கவில்லை. மேசையில் வேறொரு வேலைக்காகச் சூடேற்றி வைத்திருந்த சால்டரிங் கம்பியை இடது கையால் எடுத்து அவன் முன்னங்கையில் அழுத்தினீர்கள். தோல் பொசுங்கிய நாற்றம் கடை முழுக்கப் பரவியது. அவன் அலறிக்கொண்டு என்னை விட்டான்.

அலறல் கேட்டு வந்த பக்கத்துக் கடைக்காரர்கள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர், புருஷன் பொண்டாட்டி விவகாரம், பேசி அனுப்பிவிடலாமே என்று இழுத்தார்.

நீங்கள் தொங்கிய கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி சொன்னீர்கள்: "என் கடைக்குள்ள வந்து ஒரு பொம்பளைய அடிச்சிக்கீறான். இதுல இன்னா பேசறது? போலீசக் கூப்புடுங்க."

அந்த மணிக்கட்டு நேராகக் கூடவே இல்லை. கோணிய கையோடு கூண்டில் ஏறி, அந்தப் போன் படத்தைக் காட்டி சாட்சி சொன்னீர்கள். ஏன் சூடு வைத்தீர்கள் என்று அவனுடைய வக்கீல் உங்களைக் கேட்டார். "கழுத்துலேந்து கைய எடுக்கச் சொன்னேன். எடுக்கல. வச்சேன்," என்றீர்கள்.

போன மழைக்காலத்தில் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டீர்கள். பெண்கள் உள்ளே போவதில்லை என்பதால் கபர்ஸ்தான் கேட்டுக்கு வெளியே நின்று, ஆண்கள் உங்களை அடக்கம் செய்யத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன். தீர்ப்பு அதற்குப் பிறகுதான் வந்தது, அதனால் உங்களுக்குத் தெரியாது. அவனுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. எனக்கு விவாகரத்தும் கிடைத்தது. இப்போது கீழ்க்கட்டளையில் ஓர் அறையில் இருக்கிறேன். எதையாவது தேடும்போது இன்னும் சில சமயம் கதவைத் திரும்பிப் பார்க்கிறேன். பார்த்துவிட்டுத் தேடுகிறேன்.

கடையில் அது நடந்த அன்று அவசரப் பிரிவில் உங்கள் கையில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். என் புருவத்தில் தையல். என்னால்தானே உங்களுக்கு இந்தக் கதி என்று அழுதேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "உன்னால இல்ல. நடந்தத நடந்த மாதிரி சொல்லு," என்றீர்கள்.

"அடி பட்டுடுச்சு," என்றேன்.

"தானா பட்டுச்சா?"

"அவர் அடிச்சாரு."

நீங்கள் என்னையே பார்த்தீர்கள். டாக்டரும் நிமிர்ந்து பார்த்தார்.

"அவன் அடிச்சான்."

"அதான்," என்று தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

புருவத் தழும்பைப் பற்றி யாராவது கேட்டால், நான் இன்றும் அப்படித்தான் சொல்கிறேன், அக்கா.