மணிக்குப் போட்ட கம்பளிக் குல்லாய்

வெஸ்ட்மின்ஸ்டர், லண்டன்
ஏப்ரல் 2019, ஞாயிறு காலை

அன்பு மகள் ஹெதருக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம், அப்பா நலம், நாய் டஃபி எங்கள் இருவரையும் விட நலம், நாடு மட்டும்தான் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. அங்கே பின்லாந்தில் நீயும் மாப்பிள்ளை யுஹானியும் சௌக்கியம்தானே, அவருடைய முதுகுவலி எப்படி இருக்கிறது, இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து ஈரத்தலையோடு பனியில் நிற்கிறாயா என்றெல்லாம் கேட்க ஆசை, ஆனால் இன்றைக்கு நான் பேனாவை எடுத்தது உன்னை விசாரிக்க அல்ல, ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள. போனில் சொல்லலாம்தான், சொன்னால் பாதியிலேயே புகுந்து கத்துவாய். கடிதமென்றால் முடியும்வரை நீ வாயை மூடிக்கொண்டு படித்துத்தான் ஆகவேண்டும்.

பார்லிமெண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற நம் பப்பின் கதை உனக்குத் தெரிந்ததுதான். பார்லிமெண்டில் ஓட்டெடுப்பு என்றால் நம் சுவரில் இருக்கிற மணியும் சேர்ந்து அடிக்கும், எட்டு நிமிடத்தில் ஆதரவுக்கு ஒன்று எதிர்ப்புக்கு ஒன்று என்று இருக்கிற ஓட்டு வாசல்களைச் சாத்திவிடுவார்கள், அதற்குள் எம்.பி. எல்லாம் கையிலிருக்கும் முள்கரண்டியைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். முன்பெல்லாம் வாரத்துக்கு நாலைந்து தடவை அடிக்கும். இப்போது ஐரோப்பாவை விட்டுப் போகிற இந்த பிரெக்ஸிட் வந்தபிறகு ஒரே நாளில் ஏழு தடவை எட்டுத் தடவை, வேண்டும் என்று ஒரு ஓட்டு, வேண்டாம் என்று ஒரு ஓட்டு, வேண்டுமா வேண்டாமா என்று நாளைக்குக் கேட்கலாமா என்று இன்னொரு ஓட்டு. எல்லாரும் மதில் மேல் பூனைகள், அடியில் யார் பால் வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள். மணி அடிக்கும்போதெல்லாம் டஃபி வேறு மூக்கைக் கூரைக்குத் தூக்கி ஊளையிடும், சாப்பிட வந்தவர்கள் பாதித் தட்டோடு எழுந்து போவார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, டீ கூஜாவுக்குப் போடும் பழைய கம்பளிக் குல்லாய் இருக்கிறதே, அந்த ஆரஞ்சும் பச்சையும், அதை எடுத்து மணிக்கு மாட்டிவிட்டேன். அப்படி மாட்டினால் மணி முனகும், அவ்வளவுதான். எம்.பி. யாராவது உள்ளே வந்தால் மட்டும் கழற்றிவிடுவேன். அந்த ஒழுங்கு என்னிடம் இருந்தது, போன செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

செவ்வாய் மதியம் மிஸ்டர் கிரிம்ஷா வந்தார். மழை என்பதால் கூட்டமே இல்லை, அவர் ஒருவர்தான். உனக்கு ஞாபகம் இருக்கும், லிங்கன்ஷையர் எம்.பி., ஆட்டுக்குட்டி போட்ட டை கட்டுவார், இருபத்திரண்டு வருஷமாகக் கட்சிக் கொறடா சொன்ன வாசலில் போய் ஓட்டுப் போடுகிற நல்ல பிள்ளை. அவருடைய தொகுதி முழுக்க 'விட்டுப் போவோம்' கட்சி. வந்தவர் பையிலிருந்து போனை எடுத்து என் கையில் திணித்து, "இத எங்கயாவது உள்ள வை, மொரீன். கொறடா ஆபீஸ் பையன் காலையிலேர்ந்து பதினோரு தடவ கூப்பிட்டுட்டான். இது சிணுங்கிக்கிட்டே இருந்தா எனக்கு ஒரு வாய் எறங்காது. மணி அடிச்சா எந்திரிச்சுப் போறேன், அது போதும்" என்றார். நான் போனை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். சுடச்சுட சிக்கன் பை கொடுத்தேன், பட்டாணி கொடுத்தேன், பிறகு இனிப்புக்கு ருபார்ப் தண்டு போட்ட கிரம்பிள், மேலே கஸ்டர்டு. இந்த வருஷம் ருபார்ப் நன்றாக வந்திருக்கிறது, அது வேறு விஷயம்.

குல்லாயைக் கழற்ற மறந்துவிட்டேன், ஹெதர். அது வரைக்கும் மறதிதான், சத்தியம். இரண்டரை மணி இருக்கும், குல்லாய்க்குள் மணி முனக ஆரம்பித்தது. நான் அதன் அடியிலேயே நின்றதால் எனக்குக் கேட்டது, டஃபி ஒரு காதை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பத் தூங்கிவிட்டது. மூலை மேஜையில் மிஸ்டர் கிரிம்ஷாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு என்ன ஓட்டு என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒப்பந்தம் இல்லாமல் நாடு மொட்டையாக வெளியேறக் கூடாது என்று ஒரு திருத்தம், நூலிழையில் நிற்கிறது என்று காலையிலிருந்து டிவியில் கத்திக்கொண்டிருந்தார்கள். கொறடா சொன்னால் இவர் அதை எதிர்த்துத்தானே போடுவார் என்று நினைத்தேன். நீ போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, அப்படி மொட்டையாகப் போனால் என் நர்ஸ் பதிவு என்ன ஆகும், இங்கே தங்குகிற உரிமை என்ன ஆகும் என்று யாருக்குமே தெரியவில்லை அம்மா என்று, அந்த வரி என் கண்முன் வந்து நின்றது. வயிற்றுப் பக்கம் அவருடைய போன் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா, கஸ்டர்டு ஜாடியை எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்குப் போனேன். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்றேன். "ஊத்து, ஊத்து, இன்னிக்குத்தான் சாப்பாடு சாப்பாடா இருக்கு" என்றார். ஊற்றினேன். அவருடைய ஆட்டுக்குட்டிகளைப் பற்றிக் கேட்டேன். பெண் ஆடு எத்தனை போட்டது என்றுகூடக் கேட்டேன். எட்டு நிமிடம் முழுசாக அங்கேயே நின்றேன். இங்கிலாந்தின் தலைவிதியை ஒரு கரண்டியால் திருப்பிவிட்டோம் என்று கொஞ்சம் கர்வம்கூட வந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் நிலவறையில் பீப்பாய் மாற்றிக்கொண்டிருந்த அப்பா மேலே வந்து டிவியின் சத்தத்தைக் கூட்டினார். திருத்தம் ஒரே ஓட்டில் தோற்றது என்று வந்தது. ஒரே ஒரு ஓட்டு. மிஸ்டர் கிரிம்ஷாவின் கரண்டி வாய்க்குப் பாதி வழியில் நின்றது, முகம் கஸ்டர்டு நிறத்துக்குப் போனது. "மணி அடிக்கவே இல்லயே, மொரீன்?" என்றார். பிறகு எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்தார், குல்லாயைப் பார்த்தார், அதைக் கழற்றி அழகாக மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுத் தன் போனை வாங்கிக்கொண்டார். கோபப்பட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். "கட்சிக்கு எதிரா, அந்தத் திருத்தத்துக்கு ஆதரவாப் போடலாம்னுதான் இன்னிக்கு வயித்த நெரப்பிக்கிட்டு உக்காந்திருந்தேன். இந்தத் தைரியம் வர்றதுக்கு இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. கடைசில கஸ்டர்டுல முங்கிப்போச்சு" என்று சொல்லிவிட்டுக் குடையை மறந்துவிட்டு மழையில் போனார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன், என் கையாலேயே பிடித்தது இதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தார், எப்படிச் சிரித்தார் என்கிறாய், பீப்பாய் மேல் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "ஏண்டி, நான் ஊர் ஊராப் போய் 'விட்டுப் போவோம்'னு நோட்டீஸ் குடுத்தும் நடக்காதத நீ ஒரு ஜாடிய வெச்சு நடத்திட்டியே! சொன்ன பேச்ச கேக்கற ஆள எவனாவது பதினோரு தடவ கூப்பிடுவானா? அங்கயே புரிஞ்சிருக்க வேணாமா உனக்கு?" என்றார். புரியவில்லையே, பாவி எனக்கு. நான் அழ ஆரம்பித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அவர் போயிருந்தாலும் ரெண்டு பக்கமும் சமமாத்தான் ஆகியிருக்கும். சமமானா சபாநாயகர் இருக்கறத மாத்தாமதான் போடுவாரு, அது அவங்க வழக்கம். எப்படியும் தோத்திருக்கும், விடு" என்று ஒரு மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தார். யோசித்துப் பார், ஜெயித்தது அவர் கட்சி, என் கட்சி எப்படியும் தோற்றிருக்கும் என்று நிரூபித்து என் கண்ணைத் துடைக்கிறார். அது சமாதானத்துக்குச் சொன்னது என்று எனக்குத் தெரியும்.

அதோடு விட்டாரா? மத்தியானம் பப்பில் ஆள் நிறைந்திருக்கும்போது குடையைத் தேடி மிஸ்டர் கிரிம்ஷா வந்தார். எல்லார் முன்னாலும் அப்பா, "குல்லா மாட்டினது நான்தான் சார், நாய் தொல்ல தாங்கல. மன்னிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டார். மிஸ்டர் கிரிம்ஷா பெரிய மனிதர், கை குலுக்கிவிட்டுப் போனார். மற்றவர்கள் விடுவார்களா? "வேணும்னுதான மாட்டின கிளிஃப்?", "உங்க கட்சிக்காரன் உனக்குக் கோட்டு வாங்கிக் குடுத்தானா, அதுக்குப் பதிலா நீ மணிக்குக் குல்லா மாட்டினியா?" என்று தினமும் அப்பாவைக் குத்துகிறார்கள். 'கூடவே இருப்போம்' கட்சி ஆட்கள் ஆறேழு பேர் எதிர்ப் பப்புக்குப் போய்விட்டார்கள். அவர் பாட்டுக்குக் கோப்பையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நான் இரண்டு தடவை வாயைத் திறந்தேன், இரண்டு தடவையும் என் காலை மிதித்தார்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த ஜூன் மாதம் நாடு முழுக்க நடந்த ஓட்டெடுப்பில் அப்பா 'விட்டுப் போவோம்' கட்டத்தில் குறி போட்டார் என்று தெரிந்த நாளிலிருந்து நீ அவரோடு பேசவில்லை. போனை அவர் எடுத்தால் "அம்மா இருக்காங்களா?" என்பாய், அவரும் "இரு, கூப்பிடறேன்" என்பார், மூன்று வருஷமாக அப்பனும் மகளும் பேசிய பேச்சு இந்த இரண்டு வரிதான். உன் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொன்னதில்லை. ஆனால் அவர் போட்டது கோடிக்கணக்கில் ஒன்று. நான் தடுத்ததோ, குறைந்துபோன அந்த ஒரே ஓட்டை. உனக்கு எதிராக இந்த வீட்டில் நிஜமாக ஓட்டுப் போட்டது யார் என்று எண்ணிப் பார்த்தால் உன் அம்மாதான் வருகிறாள், அதுவும் உன்மேல் உள்ள பாசத்தில்.

இதை உனக்கு எழுதப் போகிறேன் என்று அப்பாவிடம் நேற்றுச் சொன்னேன். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். "அவகிட்ட சொல்லாத மொரீன். என்மேல கோவமா இருக்கா, அது எனக்குப் பழகிப்போச்சு. உன்மேலயும் கோவம் வந்துட்டா இந்த வீட்டுல அவ யாருக்குடி போன் பண்ணுவா?" என்றார்.

அடுத்த ஞாயிறு அவருக்கு அறுபத்தைந்து முடிகிறது. சமையல்கட்டை நாலு மணிக்கு மூடிவிடுவோம், உனக்கு அப்போது ஆறு. போன் அடித்தால் நான் எடுக்க மாட்டேன், எத்தனை தடவை அடித்தாலும் எடுக்க மாட்டேன், அவர்தான் எடுப்பார். என்னைக் கேட்காதே. நீங்கள் இருவரும் பல்லாண்டு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், கடவுள் உங்கள் வீட்டுக் கூரைமேல் எப்போதும் ஒரு கையை வைத்திருக்கட்டும். கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், மாப்பிள்ளைக்குப் பெரியது.

அன்போடும் வெட்கத்தோடும்,
உன் அம்மா
மொரீன்