லினெட்டைக் கொடுத்துவிட்டார் உன் அப்பா

டெஹ்ரான்

என் செல்ல மகள் ஆகஸ்டாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமே. ஹாலிஃபாக்ஸ் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று எழுதினால்தான் என் மனம் ஆறும். குழந்தையின் நெஞ்சைக் கம்பளியால் மூடியே வை. நேற்று நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, கை பரபரக்கிறது. காலையில் ரஜப் என்ற ரொட்டிக்காரர் எங்கள் தூதரக லாயத்துக்குள் ஓடிவந்து அப்பாவின் செல்லக் குதிரை லினெட்டின் வாலைப் பிடித்துக்கொண்டார். பின்னால் யாரையும் அண்டவிடாத அது அசையாமல் நின்றது. ரொட்டி விலையை ஏற்றினார் என்று நகர ஆளுநர் அவரை அவருடைய அடுப்பிலேயே தூக்கிப் போடச் சொல்லிவிட்டாராம். பெரிய மனிதர் குதிரையின் வாலைப் பிடித்தவனை, பிடி விடாதவரை, இங்கே யாரும் தொடமாட்டார்கள். துரத்தி வந்த ஆளுநரின் சேவகர் தலைவன் ஆத்திரப்படவில்லை. அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, சாகிப், இது குதிரையா, வானத்து நிலாவா, கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கே என்றான். நம் பொருளை ஒருவர் புகழ்ந்தால் உங்களுடையதுதான் என்று சொல்வது இந்த ஊர் மரியாதை, ஐயோ வேண்டாம் என்று மறுப்பது அவர் மரியாதை. இரண்டு வருடப் பழக்கத்தில் அப்பா யோசிக்காமல் உங்களுதுதான் என்றுவிட்டார். அவன் மறுக்கவில்லை. சந்தோஷம் சாகிப், குதிரை எங்களுது, வாலைப் பிடிச்ச ஆளும் எங்க ஆள் என்றான். எங்களுக்குக் கடிதம் எழுதித் தரும் முன்ஷி மிர்சா தகி தலையில் அடித்துக்கொண்டு, ஐயா, வாயால கெட்டீங்களே என்றார். ரஜப் அழக்கூட இல்லை, வாலை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

பிரபுவின் இரண்டாவது மகனாகப் பிறந்து, நாற்பது வயதுவரை வேட்டையும் பந்தயமுமாகத் திரிந்தவர் உன் அப்பா. அவரைத் தூதராக அனுப்பியபோது உன் பெரியப்பா, குதிரைகிட்ட பேசத்தான் இவனுக்குத் தெரியும், ராஜாகிட்ட என்ன பேசுவான் என்று விருந்தில் எல்லோர் முன்னும் சொன்னார். அவர் நேற்று அப்பாவைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு தாவலில் லினெட்டின் மேல் ஏறி உட்கார்ந்தார். கொடுத்தது கொடுத்ததுதான், பேச்சு மாறமாட்டேன், ஆனா கடிவாளத்தை எங்க வச்சுக் கொடுக்கிறதுங்கிறது கொடுக்கிறவன் இஷ்டம், ஷா அப்துல் அஸீம் தர்கா வாசல்ல தர்றேன், வாங்க என்றார். பரிசு கொடுப்பவரை அவசரப்படுத்துவது இங்கே அவமானம். சேவகர் தலைவன் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் நடந்தான். அப்பா முன்னே, வாலைப் பிடித்தபடி ரஜப், கூடவே மிர்சா தகி, அப்புறம் சேவகர்கள், கடைத்தெருவே திரண்டு பின்னால். ஒருத்தி கூரையிலிருந்து, விட்டுடாத ரஜப், உன் பொண்டாட்டிய விட கெட்டியா பிடிச்சுக்கோ என்று கத்தினாளாம். தர்கா வாசலில் குறுக்கே கட்டியிருந்த சங்கிலிக்கு அடியில் குனிந்து ரஜப் உள்ளே போய்விட்டார். அங்கே மன்னராலும் அவரைத் தொட முடியாது. அதற்குப் பிறகுதான் அப்பா இறங்கி, லினெட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்து, கடிவாளத்தைச் சேவகர் தலைவன் கையில் வைத்தார்.

இன்று காலை லாயத்துப் பக்கம் போகாமல் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு அலுவலகம் போனார். கேட்டால், நல்ல காத்து வருது என்கிறார். உன் குடும்பம் நிறைந்து வாழக் கடவுள் துணையிருக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே, அவருக்கு எழுதும்போது குதிரையைப் பற்றிக் கேட்காதே. ரொட்டிக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேள்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
ஹென்றியெட்டா