பவானியின் கயிறு

மேக்காட்டுத் தோட்டம்,
குன்னத்தூர்.
வெள்ளிக்கிழமை

அன்புள்ள யுவனுக்கு,

அப்பா எழுதுவது. முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், சிரித்துவிட்டு மேலே படி. செவ்வாய்க்கிழமை காலையில் எப்போதும்போல் எழுந்து, பால் கேனைக் கழுவி, டிவிஎஸ்ஸில் மாட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்து மூடியைத் திறந்த பிறகுதான் நம்மிடம் மாடு இல்லை என்பது நினைவுக்கு வந்தது. பால் அளக்கிற பழனாயி கேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ஏனுங்க மாமா, இன்னிக்குத் தண்ணிகூடக் கொண்டுவரலீங்களா என்று கேட்டாள். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். காலிக் கேனோடு நின்று அழுதால் அது இன்னும் அசிங்கமல்லவா?

பவானியை விற்றதை அம்மா போனில் சொல்லியிருப்பாள். நான் பேசலாம் என்றால் அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொள்கிறாள். எனக்குக் கிடைப்பது கடைசியில் ஒரு "சாப்ட்டயா கண்ணு" மட்டும்தான். அதனால்தான் இந்தக் கடிதம். லீவு முடிந்து, உன்கூட வேலை செய்கிற சுரேஷ் ஞாயிற்றுக்கிழமை ஜோர்டானுக்குக் கிளம்புகிறான். பருப்புப் பொடி டப்பாவோடு இதையும் அவனிடம் கொடுத்து விடுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

தோட்டத்துச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. பதினெட்டுக் கோழி இருந்தது, இப்போது நான்கு. எல்லாம் தெருநாய் வேலை. நான் காவலுக்குக் கட்டிலைப் போட்டுப் படுத்த அன்றைக்குத்தான் ஒரே நேரத்தில் ஆறு போயின. என் குறட்டையைக் கேட்டு நாய்க்கு இன்னும் தைரியம் வந்திருக்கும் என்கிறாள் உன் அம்மா. தக்காளி நாற்றை மயில் கொத்திவிட்டுப் போகிறது. பனியன் கம்பெனியிலிருந்து கட்டிங் வேஸ்ட் துணி ஒரு மூட்டை வாங்கி வந்து, கலர் கலராகக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். பயப்படும் என்று பார்த்தால், ஒரு மயில் அதன் அடியில் வந்து நின்று தோகையை விரித்தது.

கிணற்றைப் பற்றி எழுத வேண்டாம் என்றிருந்தேன். தண்ணீர் இருக்கிறது, சாயக் கழிவு இறங்கியதில் உபயோகமில்லை. பவானி கடைசி மாசங்களில் தொட்டிவரை வந்து மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தாகம் பொறுக்காமல் மறுபடி வந்து கொஞ்சம் குடிக்கும். அதைப் பார்க்கிறபோது தப்பு செய்தவன் நான் என்பதுபோல இருக்கும். அம்மாவுக்கும் மணிக்கட்டு வீங்கிக்கொண்டது. பால் கறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் கறந்தால் பவானி உதைக்கிறது. உன் அம்மாவிடம் ஒரு சொல் சொல்லாத மாடு, என்னை மட்டும் மூன்று தடவை குப்புறத் தள்ளியது. ஆளைத் தெரிந்து வைத்திருக்கிறது.

புரோக்கர் சண்முகவேல் நம்பியூர்ப் பக்கத்துப் பையன் ஒருவனைக் கூட்டி வந்தான். எட்டு மாடு வைத்திருக்கிறானாம், நல்ல தண்ணீராம். அதைக் கேட்டதும் சரி என்றேன். வண்டியில் ஏற்றும்போது பவானி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவும் நல்லதுதான்.

வீட்டில் சண்டை மாட்டுக்காக இல்லை, கயிற்றுக்காக. உனக்குத் தெரியாததல்ல. மாட்டை விற்றாலும் அதன் கயிற்றை நாம் விற்பதில்லை. வாங்குகிறவன்தான் புதுக்கயிறு கொண்டு வர வேண்டும். பழைய கயிறு மாட்டுச் சாளை உத்தரத்தில் தொங்கினால்தான் அதில் கட்ட இன்னொரு மாடு வரும் என்பது உன் அம்மாவின் நம்பிக்கை. அவள் உள்ளே கற்பூரம் எடுக்கப் போயிருந்த நேரத்தில் மாடு கயிற்றோடு போய்விட்டது. மறந்துட்டேன் வேலாத்தா என்றேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு வைக்கிற சத்தமே வேறு மாதிரி இருக்கிறது. தலையை மறக்காமல் கொண்டுவந்தீங்களே, அதுவே பெரிசுங்க என்கிறாள். அந்தப் பையனுக்குப் போன் போடச் சொல்லித் தினமும் பக்கத்தில் வந்து நிற்கிறாள். நானும் போனைக் காதில் வைத்து, சுவிட்ச் ஆப்பு என்கிறேன். என் முகத்தில் பொய் எழுதி ஒட்டியிருப்பது அவளுக்கு எப்படித் தெரியாமல் போனதோ!

சொசைட்டிக் கதை அவள் காதுக்கும் போய்விட்டது. அதற்கப்புறம் என் மறதியை முழுசாக நம்பிவிட்டாள். ஒரு விதத்தில் உதவிதான்.

தை பிறந்ததும் யுவன் வந்துருவான், வந்து ரெண்டு மாடு கட்டுவான் என்று சொல்லிக்கொண்டு, தீவனப் புல்லுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றுகிறாள். மாடில்லாத தோட்டத்தில் புல் வளர்க்கிறவள் அவள், மாடில்லாமல் சொசைட்டிக்குப் போகிறவன் நான். ஜோடிப் பொருத்தம் பார்த்தவனைக் கும்பிட வேண்டும்.

கண்ணு, சுரேஷ் வாய் தவறிச் சொல்லிவிட்டான், நீ இன்னும் மூன்று வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய் என்று. அவனைத் திட்டாதே. சொன்ன பிறகு அவன் காபியைக்கூடக் குடிக்கவில்லை. உன்மேலும் எனக்கு வருத்தமில்லை. இங்கே வந்து நீ என்ன செய்வாய்? நாயையும் மயிலையும் துரத்த நான் ஒருவன் தோற்றது போதும். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அடுத்த முறை ஸ்பீக்கரில் அவள் எப்ப வர்றே என்று கேட்டால், தைக்கு என்று மட்டும் சொல்லாதே. தெரியலைம்மா என்று சொல். அது பொய்யாகாது.

வேளைக்குச் சாப்பிடு. அந்த ஊர்க் குளிருக்குக் காதை மூடிக்கொள். நீ எங்கே இருந்தாலும், குடிக்கிற தண்ணீர் நல்லதாக இருக்கட்டும். அண்ணமார் சாமி உன்னோடு நிற்கட்டும்.

அம்மாவிடம் சொல்லாதது இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பையன் புதுக்கயிறு கொண்டுதான் வந்திருந்தான். பழைய கயிற்றின் முடிச்சை அவிழ்க்கக் குனிந்தவனை, இருக்கட்டுமுங்க என்று கையைப் பிடித்து நிறுத்தியது நான்தான்.

இப்படிக்கு,
அப்பா
சென்னியப்பன்