அறுபது கோடியில் மூன்று

ஜூலை 22, புதன்கிழமை, காலை 6.20. அரையாண்டு முடிவுகள் வெளியாக இன்னும் இரண்டு நாள்.

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

பிசியோதெரபிஸ்டை டாக்டர் என்று சொல்லக் கூடாது என்று திருத்துவாய். தெரியும். இங்கே நான் நலம். உன் கடிதத்தில் கோபம் தெம்பாக இருந்ததால் நீயும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

போனில் பேசினால் நான் பாதியிலேயே குறுக்கே விழுகிறேன், அதனால் பெரிய விஷயமெல்லாம் இனி எழுத்தில்தான் என்று நீதான் சட்டம் போட்டாய். போட்டுவிட்டு ஒரே வார்த்தையில் பதில் கேட்கிறாய்: மாற்றல் வருமா, வராதா? வீட்டுக்காரர் மாடிப் போர்ஷனை மாதக் கடைசி வரைதான் வைத்திருப்பாராம். நான் வரவில்லையென்றால் நீ விடுதி அறையிலேயே காலத்தைத் தள்ளிவிடுவாயாம். நியாயம்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாத நிலைக்கு விஷயத்தைக் கொண்டுபோனவன் நான். வரிசையாகப் படி, கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே.

எங்கள் பிரிவுதான் வங்கியின் அரையாண்டு நிதிநிலை அறிக்கையைத் தயாரிக்கிறது என்பது உனக்குத் தெரியும். அதில் முதல் குறிப்பாக ஒரு வாக்கியம் வரும்: சென்ற ஆண்டறிக்கையில் பின்பற்றிய கணக்கியல் கொள்கைகளே இதிலும் பின்பற்றப்பட்டுள்ளன. இதை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. பழைய அறிக்கையிலிருந்து எடுத்து ஒட்டுவோம், தேதியை மட்டும் மாற்றுவோம். பல வருஷமாக அது உண்மையாகவும் இருந்தது.

இந்த வருஷம் புதுச் சரக்கு ஒன்று வந்தது. ஒரு காப்பீட்டு நிறுவனம், ஐந்து வருஷம் எங்கள் கிளைகளில் கவுன்ட்டர் வைத்துத் தன் பாலிசியை மட்டுமே விற்க வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டு, அறுபது கோடியை மொத்தமாக முன்கூட்டியே கொடுத்துவிட்டது. அதை அப்படியே இந்த அரையாண்டின் வருமானமாக ஏற்றியிருந்தார்கள். இந்த மாதிரிப் பணத்தைப் பற்றிப் பழைய கொள்கையில் ஒரு வரிகூடக் கிடையாது. யாரும் தேடவும் இல்லை. அதுதான் கொள்கை மாறவில்லை என்று ஒட்டியாயிற்றே!

மற்றவர்கள் தரும் சுருக்கத்தைக் கேட்க எனக்குப் பொறுமை கிடையாது. ஒப்பந்தத்தையே எடுத்துப் படித்தேன். நடுவில் வங்கி விலகினால் மீதி வருஷங்களுக்கான பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அதில் தெளிவாகவே போட்டிருக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டி வரலாம் என்கிற பணம் எப்படி இன்றைய வருமானமாகும்?

போன வாரக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். பக்கத்து இருக்கைக்காரரை உனக்கு நினைவிருக்கும், எந்த எண்ணையும் முழு எண்ணாக்கியே பேசும் ரவுண்டு அண்ணன். காசு வந்து நம்ம பெட்டியில சம்மணம் போட்டு உக்காந்திருக்கு, இது வருமானம் இல்லன்னா வேற என்னப்பா, நாலு நாள் தங்கிட்டுப் போக வந்த தூரத்துச் சொந்தமா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒரு வருஷ பஸ் பாஸ் வித்தவன், வித்த அன்னைக்கே வருஷம் பூரா வண்டி ஓட்டி முடிச்சாச்சுன்னு சொல்லுவானா என்று கேட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். இதை ஏத்தினவங்களுக்கு ஒப்பந்தம் படிக்கத் தெரியாதா என்றும் கேட்டுவிட்டேன். ஏற்றியவர் எங்கள் பிரிவுத் தலைவி. ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் அறிக்கையைத் திருப்பி அனுப்புவதால் நாங்கள் கமா மேடம் என்று பெயர் வைத்திருக்கிறோமே, அவரேதான். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மா சொல்லவில்லை.

மதியம் அறைக்கு வரச் சொன்னார். மேஜைமேல் என் மாற்றல் விண்ணப்பம் கிடந்தது. அவர் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போடாமல் அது மேலே போகாது. அதன்மேல் தண்ணீர்க் குவளையை வைத்துவிட்டு, வாயால சொன்னதை எல்லாம் நான் கணக்குல எடுத்துக்க மாட்டேன், எழுதிக் கொண்டாங்க என்றார். நான் பார்த்ததெல்லாம் அந்தக் குவளையைத்தான்.

வெளியே வந்ததும் ரவுண்டு அண்ணன் பிடித்துக்கொண்டார். லாபம் போன வருஷத்தைத் தாண்டினால்தான் எங்களுக்கு அரையாண்டு ஊக்கத்தொகை. என் பொண்ணு பல்லுக்குக் கம்பி கட்ட அதைத்தான்டா நம்பியிருக்கேன், என் வயித்துல ஏன் அடிக்கிற என்றார். அப்புறம் குரலைத் தணித்து, உன் பொண்டாட்டி அங்க, நீ இங்க, வாயை மூடிக்கிட்டு அறிக்கையில உன் கையெழுத்தைப் போட்டா அடுத்த மாசம் ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருப்பீங்க என்றார்.

அந்தக் கணக்கு எனக்கும் புரியாமல் இல்லை. அன்று சாயங்காலம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு துணி துவைத்தேன். ஒரே சட்டையை இரண்டு தடவை துவைத்திருக்கிறேன். ஆனாலும் கையெழுத்துப் போட முடியவில்லை. பெரிய தர்மம் நியாயமெல்லாம் ஒன்றுமில்லை. தப்பு என்று தெரிந்த எண்ணுக்குக் கீழே என் பெயர் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. அவ்வளவுதான்.

மறுநாள் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். ஐந்து வருஷத்துக்கு அறுபது என்றால் வருஷத்துக்குப் பன்னிரண்டு. ஒப்பந்தம், எங்கள் வங்கியின் கணக்கு வருஷம் தொடங்கும் ஜனவரி முதல் தேதியே போட்டது. ஆகவே இந்த ஆறு மாதத்துக்கு ஆறு கோடி வருமானம். மீதி ஐம்பத்து நான்கு இன்னும் செய்யாத வேலைக்கு வாங்கிய பணம், அது வருமானத்தில் சேராமல், கடன் மாதிரிப் பொறுப்புக் கணக்கில் நிற்க வேண்டும்.

மேடம் இரண்டு தடவை படித்தார். கவுன்ட்டர் எப்போது திறந்தோம் என்று கேட்டார். ஏப்ரல் முதல் தேதி என்றேன். ஐந்து வருஷம் எப்போதிலிருந்து என்று கேட்டார். கவுன்ட்டர் திறந்த நாளிலிருந்து என்று என் வாயாலேயே சொன்னேன். அப்ப ஜனவரியிலேருந்து மார்ச் வரைக்கும் அவங்களுக்கு நாம என்ன வேலை சார் செஞ்சோம் என்றார். என் விதிப்படியே பார்த்தால் மூன்று மாதம்தான் வேலை நடந்திருக்கிறது. மூன்று கோடிதான். அவர் பேனாவை மூடிவிட்டு, ஒப்பந்தம் படிக்கத் தெரியாதவங்க யாருன்னு இப்பப் பேசலாமா என்றார்.

நீ அங்கே இருந்திருந்தால் கைதட்டியிருப்பாய்.

அந்தத் தாளோடு அவரே பொது மேலாளரிடம் போனார். கதவு சாத்தியிருந்தும் சத்தம் வெளியே கேட்டது. சத்தம் போட்டது மேடம் இல்லை. அரை மணி கழித்து வந்து, மூணு, மூணேதான், மாத்திடுங்க என்றார். அறிக்கையைச் சரிபார்க்கும் வெளித் தணிக்கையாளரும், நீங்களே மாத்தலைன்னா நாங்க கேட்டிருப்போம் என்று சொல்லிவிட்டார்.

லாபம் போன வருஷத்தைவிடக் கொஞ்சம் குறைகிறது. ஊக்கத்தொகை இப்போதைக்கு இல்லை. ரவுண்டு அண்ணன் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நேற்று அவராகவே வந்து, இனிமே மூணு மாசத்துக்கு மூணு கோடி தானா வந்து விழும், வருஷத்துக்குப் பன்னெண்டு, ரவுண்டாத்தான் வருது, வருஷக் கடைசியில பாத்துக்கலாம் என்றார். மன்னித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். டீக்கு மட்டும் என்னைக் காசு கொடுக்கச் சொன்னார்.

புதுக் கொள்கைக் குறிப்பை எழுதும் வேலை எனக்கு வந்தது. எட்டு வரி. மேடம் அதில் போட்ட காற்புள்ளிகளை நான் எண்ணவில்லை, எண்ணினால் மனசு உடையும். இத்தனை வருஷம் ஒட்டிவந்த வாக்கியத்தோடு இப்போது, கீழே கூறிய புதிய வருமானத்துக்கான கொள்கையைத் தவிர என்று சேர்ந்திருக்கிறது. அந்த வார்த்தைகள் என்னுடையவை.

இப்போது உன் கேள்வி. நேற்று மாலை மேடம் என் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். இவ்வளவு வாய் உள்ள ஆளை எதுக்கு இன்னொரு ஊருக்கு அனுப்பறீங்கன்னு மேல கேப்பாங்க, இவ்வளவு வேலை தெரிஞ்ச ஆளை எதுக்கு விடறீங்கன்னும் கேப்பாங்க, ரெண்டுக்கும் சேத்து ஒரே பதிலா எழுதியிருக்கேன் என்றார். என்ன பதில் என்று கேட்க எனக்கே தைரியம் வரவில்லை. தலைமை அலுவலகம் ஆகஸ்ட் இரண்டாம் வாரம்தான் முடிவு செய்யும். வீட்டுக்காரரின் கெடுவுக்குள் உத்தரவு கைக்கு வராது. வரும் என்று எழுத மாட்டேன். வராது என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். நோயாளிகளைத் தூக்கி நிறுத்திவிட்டு நீ இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காராதே.

இப்படிக்கு,
உன் அவசரக்குடுக்கை

பி.கு. அடுத்து நான் செய்யப்போவது:

1. நாளை தணிக்கைக் குழுக் கூட்டத்தில் மேடத்துக்குப் பின்னால் உட்காருவேன். கேட்டால் மட்டும் பேசுவேன்.

2. வெள்ளிக்கிழமை முடிவுகள் வெளியானதும் ரவுண்டு அண்ணனுக்கு இன்னொரு டீ, வடையோடு.

3. சனிக்கிழமை ராத்திரி பஸ். ஞாயிறு காலை உன் விடுதி வாசலில் நிற்பேன். உத்தரவு வந்தாலும் வராவிட்டாலும் இந்தப் பயணம் உண்டு.

4. நீ பேசி முடிக்கும் வரை குறுக்கே பேச மாட்டேன். முயற்சி செய்வேன்.

5. உன்னோடு வந்து வீட்டுக்காரரைப் பார்த்து, மாடிப் போர்ஷனுக்கு முன்பணம் கொடுப்பேன். சாவி இரண்டு கேட்பேன். உத்தரவே இல்லாமல் இரண்டாவது சாவி எதற்கு என்று அவர் கேட்டால் உன்னைத்தான் திரும்பிப் பார்ப்பேன். நீ பக்கத்தில் இருந்து, கொடுங்க என்று ஒரு வார்த்தை சொல்.