பேர் போடாத நோயாளி

மார்ச் 3

என்னைப் பெத்த மகராசிக்கு,

நான் யாரையும் ஏமாத்தல. தலைமை நர்ஸ் போட்டுக் கொடுத்தா நீ நம்பிடறதா? ரத்தம் சுத்தம் பண்ணி முடிச்சப்புறம் எடை பாக்கறப்போ செருப்பு, சாவிக்கொத்து, டார்ச் லைட் எல்லாத்தோடயும் ஏறுவேன். அடுத்த தடவை வர்றப்போ வெறுங்காலோட ஏறுவேன். நடுவுல குடிச்ச தண்ணி வெளியே தெரியாது. இதுக்குப் பேரு மூளை. நீ திருட்டுத்தனம்னு எழுதியிருக்க. பத்து வருஷம் நர்ஸ் வேலை பாத்தது பத்தாம, கிட்னிக்குன்னே மேல்படிப்பு படிக்கப் போன பொண்ணு பேசற பேச்சா இது?

என் மிஷினுக்கு சம்பந்தின்னு பேர் வச்சிருக்கேன். வாரத்துக்கு மூணு நாள் ரத்தத்தை உறிஞ்சறது வேற யாரு? உன் மாமனார்கிட்ட சொல்லிடாதே.

இப்படிக்கு,
தங்கமான உன் அப்பன்

மார்ச் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

இன்னிக்கு வகுப்புல பேர் போடாத ஒரு நோயாளியோட விவரத்தைப் படிச்சாங்க. நீங்க நர்ஸா இருந்தா என்ன செய்வீங்கன்னு கேள்வி. ஓய்வுபெற்ற பஸ் டிரைவராம். டார்ச் லைட்டோட எடை பாப்பாராம். மிஷினை சம்பந்தின்னு கூப்பிடுவாராம். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். எங்கப்பாதான்னு சொல்ல வாயெடுத்தேன்.

அதுக்குள்ள டீச்சர் அடுத்த வரியைப் படிச்சாங்க. "மகளின் சிறுநீரகம் பொருந்தியது. நோயாளி மறுத்துவிட்டார். பொருந்தவில்லை என்று மகளிடம் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்."

முதல்ல பதில் சொல்ல என்னைத்தான் எழுப்பினாங்க.

மூணு வருஷமா மறைச்சிருக்கீங்கப்பா. என் உடம்பு உங்களுக்கு உதவலையேன்னு ஆஸ்பத்திரி வராண்டாவுல அழுதேன். நீங்கதான் கைக்குட்டை குடுத்தீங்க. குடுக்கத்தான் முடியல, படிச்சாவது பாத்துக்கலாம்னுதான் இதுல சேர்ந்தேன்.

ஏம்ப்பா?

உங்க மகள்

மார்ச் 24

மகளுக்கு,

இடது கையில ஊசி, வலது கையில பேனா. சம்பந்தி பக்கத்துல முனகிக்கிட்டிருக்கார். உன் கடிதாசியை நாலு தடவை படிச்சேன். வேடிக்கையா ஏதாவது எழுதலாம்னு பாத்தா ஒண்ணும் வரல. டாக்டர் யார்கிட்டயும் பேரைச் சொல்லமாட்டேன்னாரு. பேரை விட்டுட்டு டார்ச் லைட்டை உங்க வகுப்புக்குச் சொல்லிட்டாரு, புண்ணியவான்.

முப்பது வருஷம் வண்டி ஓட்டினேன். நடுவழியில நின்னா நானும் கண்டக்டரும்தான் தள்ளுவோம். உள்ள உக்காந்திருக்கறவங்களை இறங்கித் தள்ளச் சொன்னதே இல்ல. நீ சின்னதுல முன்சீட்டுல உக்காந்து—

இந்தா, நீயே வந்து நிக்கற. சொல்லாம கொள்ளாம. தோளுக்கு மேல குனிஞ்சு படிக்கற. படி, உனக்குத்தானே எழுதறேன்.

என்ன தாள் இது? மகளோட கிட்னியை வாங்கிக்க சம்மதம்னு அச்சடிச்சிருக்கு. "கடிதாசியில போடற கையெழுத்தை இதுலயும் போடுங்கப்பா." இதுக்கா இவ்வளவு தூரம் வந்தே? இந்தா, போட்டுட்டேன். ரெண்டு திட்டாவது திட்டேன்.

போற போக்குல என் பையிலிருந்த டார்ச் லைட்டையும் எடுத்துக்கிட்ட. டாக்டர் ரூம் அந்தப் பக்கம்னு உனக்கு யார் சொன்னது? நில்லும்மா. ஊசியோட நான் எழுந்து வர முடியாதுன்னு தெரிஞ்சுதானே நடக்கற. ஏன் வேண்டாம்னேன்னு கேட்டியே, கேட்டுட்டுப் போ. டெஸ்ட் எடுத்த அன்னிக்கு, ஊரு உலகத்துக்கெல்லாம் ஊசி போடற நீ, உன் கையில குத்தறப்போ கண்ணை இறுக்கி மூடிக்கிட்டே. அப்போவே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்.