எங்கே வலிக்கிறது என்று சொல்லப் பழகு

சத்தியவேடு
18-9-1960

அன்புள்ள மகன் கோவர்த்தனனுக்கு அம்மா தாட்சாயணி எழுதிக்கொள்வது. காணிப்பாக்கம் பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே நானும் நைனாவும் உன் தங்கை வள்ளியும் சுகம். நீ தேறிவிட்டாய் என்று நீயே எழுதியிருந்தும் எனக்கு முழுசாக நம்ப மனசு வரவில்லை. காய்ச்சலில் தனியாகக் கிடந்தேன், வீட்டுக்கார அம்மா ஏதோ சூப்பு கொண்டுவந்து கேட்டாள், நான் தலையை ஆட்டினேன், அவள் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று வேடிக்கை போல எழுதியிருக்கிறாய். வள்ளி படித்துவிட்டுச் சிரித்தாள், எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. நம்ம பக்கம் சரி என்பதற்குத் தலையை இப்படியும் அப்படியும் சாய்ப்போமே, அதை வேண்டாம் என்று எடுத்துக்கொண்டிருப்பாள், அவள் மேல் என்ன தப்பு. பனாமாவில் நீ வேலை பார்க்கும் துணிக்கடையில் எல்லோரும் நம்ம தேசத்து ஆட்கள், இந்தியும் இங்கிலீஷும் போதும், ஸ்பானிஷ் எனக்கு வராதும்மா என்கிறாய். கடைக்குப் போதும் கண்ணு, காய்ச்சலுக்குப் போதவில்லையே.

நான் சொன்னால் சிரிப்பாய், உன் அம்மா இப்போது தெலுங்கு படிக்கிறாள். ஏப்ரலில் எல்லையை மாற்றிப் போட்டார்கள், அதிலிருந்து நாம் ஆந்திரா. வீடு இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, செங்கல்பட்டு ஜில்லா போய்ச் சித்தூர் ஜில்லா வந்துவிட்டது. உன் நைனா, ஆந்திராக்காரங்க வேணா தமிழ் கத்துக்கினு வரட்டும், நான் எதுக்குக் கத்துக்கணும் என்று முறுக்கிக்கொண்டு நிற்கிறார். எனக்கென்னவோ ஆசையாகத்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் கரைத்த புளியைச் சிந்தபண்டு என்று சொல்லிப் பார்த்தால் அதுவே புதுசாகத் தெரிகிறது. பனாமாவில் புளி உண்டா, அதற்கு என்ன பேர்? பெரியவர்களுக்கு ஸ்பானிஷில் நீங்க என்று மரியாதை உண்டா, இல்லை எல்லோருக்கும் நீதானா? இதையெல்லாம் எழுதாமல் வெயிலைப் பற்றியே எழுதுகிறாய்.

எதிர்வீட்டுக்குச் சித்தூரிலிருந்து மாற்றலாகி ஒரு குமாஸ்தா வந்தார், அவர் சம்சாரம் சுந்தரி. ஆந்திரா ஆபீசுக்காரர் வீடாயிற்றே, தெலுங்குக்காரிதான் என்று நானே முடிவு கட்டி, இவளை விட்டால் யார் கிடைப்பார்கள் என்று தினமும் போய் எனக்குத் தெரிந்த தெலுங்கைப் பேசினேன். சட்டியைக் காட்டி இதி ஏமி என்பேன், அவள் கொஞ்சம் யோசித்து ஒன்று சொல்வாள், நான் அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வருவேன். எவ்வளவு நிதானமான பொம்பளை என்று நைனாவிடம் புகழ்ந்தேன். போன மாதம் ஒருநாள் அவள் கஞ்சி வடிக்கும்போது கையில் கொட்டிக்கொண்டு, ஐயோ நைனா, கை பூட்ச்சே என்று கத்தினாளே பார்க்கணும். நான் என்னாடி ஆச்சு என்று பதறி ஓடிக் கையைத் தண்ணீரில் அமுக்கின பிறகுதான் இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். அவள் அரக்கோணத்துத் தமிழ்ப் பெண், கல்யாணமாகிச் சித்தூர் வந்தவள். யக்கா, இந்த ஊரு ஆந்திரா ஆயிட்ச்சே, நீ தெலுங்கு ஆளுன்னு நெனச்சுக்கினு எங்க வூட்டுக்காரர்கிட்ட கேட்டுக் கேட்டு உனக்குச் சொன்னேனே என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்றைக்குச் சிரித்துவிட்டு வந்தேன், வீட்டுக்கு வந்ததும் உன் ஞாபகம் வந்தது. வலி வந்தால் அவரவர் பாஷைதான் வாயில் வருகிறது, கேட்டுப் புரிந்துகொள்ள அவளுக்கு நான் இருந்தேன். உனக்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதனால் எனக்குப் பலித்ததைச் சொல்கிறேன். பேச ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொள், ஆனால் என்னைப் போல ஏமாறாதே, நம்ம பாஷை தெரியாத ஆளாகப் பார்த்துப் பிடி. தினமும் கை படுகிற சாமான்களின் பேரை முதலில் கேள், பெரிய பேச்செல்லாம் பிறகு. தமிழில் வாக்கியம் கட்டி ஒவ்வொரு வார்த்தையாக மாற்றிக்கொண்டிருந்தால் எதிராளி எழுந்து போய்விடுவான், அவர்கள் சொல்வதை அப்படியே முழுசாக வாங்கித் திருப்பிச் சொல். ஆமாம், வேண்டாம் இரண்டையும் வாயால் சொல், தலையை நம்பாதே. மெதுவாகச் சொல்லுங்கள் என்பதற்கு என்ன வார்த்தையோ அதைத் தெரிந்துகொள்ளாமல் வெளியே கிளம்பாதே. நானும் சுந்தரியும் திருப்பதி போனபோது பஸ் ஸ்டாண்டில் வழியைத் தெலுங்கிலேயே கேட்டுவிட்டேன், பதில் மடமடவென்று வந்தது, ஒன்றும் புரியவில்லை. மெல்லகா செப்பண்டி என்றேன், அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். சிரித்தால் சிரிக்கட்டும், வழி தெரிந்ததா இல்லையா.

இனிமேல் கவர் மேல் சித்தூர் ஜில்லா, ஆந்திரா என்று எழுது, போன கடிதம் செங்கல்பட்டு சுற்றி வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளி. நீ நோய் நொடி இல்லாமல் நல்லபடி இருக்கணும் என்று நானும் நைனாவும் ஆசீர்வாதம் பண்ணுகிறோம். முக்கியமாக ஒன்று. இதைப் படித்ததும் அந்த வீட்டுக்கார அம்மாவிடம் போ, தலை, நெஞ்சு, வயிறு என்று கை வைத்துக் காட்டி, இங்கே வலிக்கிறது என்பதை எப்படிச் சொல்வது என்று கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பு. புஸ்தகத்தைப் பார்த்து எழுதி என்னை ஏமாற்றாதே, நீ கேட்கும்போது அவள் அடுப்பில் என்ன வைத்திருந்தாள் என்பதையும் சேர்த்து எழுது. அது வந்தால்தான் அங்கே உனக்கு ஒரு மனுஷி இருக்கிறாள் என்று நான் நிம்மதியாகச் சாப்பிடுவேன்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா
ஆ. தாட்சாயணி