கே2-18பி-யில் கடல் மணம்

தோஹா,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நான் நல்ல சுகம். நீங்களும் மாமியும் சுகமா? நம் ஊர் முந்தலில் மழை பெய்ததா?

நான் வேலை செய்யும் இந்த வீட்டு மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கே2-18பி என்றொரு கிரகத்தை வரைந்த படம் நேற்று காட்டினாள். அங்கிருந்து வெளிச்சம் வந்து சேரவே நூற்றிருபத்துநான்கு வருஷமாம். அங்கே பெரிய கடல் இருக்கலாமாம். நம் கடலில் உயிருள்ளவை விடுகிற, கடலுக்கு மணம் தருகிற ஒரு வாயுவின் தடயமும் தெரிகிறதாம். சிவப்புச் சூரியனுக்குக் கீழே, வள்ளம் கட்ட ஒரு கரைகூட இல்லாத கடலை நானும் நினைத்துப் பார்த்தேன். ஆனாலும் நம்பவில்லை.

"மணத்தை வைத்து எப்படிச் சொல்வது? இறால் செத்த குளமும்தான் மணக்கும்" என்றேன். அவள் சிரித்தாள். விஞ்ஞானிகளும் இதற்காகத்தான் சண்டை பிடிக்கிறார்களாம்.

அதற்குப் பிறகு எனக்கு உங்கள் மேலும் சந்தேகம். செவ்வாய்க்கிழமை வீடியோவில் பேசியபோது, உங்களுக்குப் பின்னால், காவல் குடிசை வாசலுக்கு வெளியே, நம் இறால் குளத்துக்குக் காற்றடிக்கும் சக்கரம் சுற்றாமல் நின்றது. அது நின்றால் இறால் தாங்காதே. ஏன் என்று கேட்டேன்.

"ஒண்டுமில்ல புள்ள, கரண்ட் போயிட்டு" என்றீர்கள்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் கொஞ்சம் கருவாடு கொடுத்துவிடுங்கள். இந்த வீட்டில் சோப்பு மணம் மட்டும்தான்.

மேடம் கூப்பிடுகிறார். குளத்துத் தண்ணீர் இப்போது என்ன மணம் என்று உண்மையை எழுதுங்கள். கரண்ட் போனது என்று மட்டும் எழுத வேண்டாம். அன்றைக்கு உங்கள் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

உங்கள்
அன்பு மனைவி மர்ளியா